பெரட்டுக்கு வராத ஒருத்தன்

சிஸ்டர்,

போன ஞாயிற்றுக்கிழமை பதுளையில் நான் பட்ட வெட்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இருந்திருந்தால் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பீர்கள்.

பாத்திரக்கடை வைத்திருக்கிற முஸ்லிம் நானாவின் மகளுக்குக் கல்யாணம். என்னையும் மகள் பிலோமினாவையும் மறக்காமல் கூப்பிட்டிருந்தார். பந்தியில் ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்தோம். பெரிய தட்டம், அதில் குவித்த நெய்ச்சோறு, மேலே எலும்போடு மாட்டிறைச்சி. ஆறு பேரும் ஒரே தட்டத்தில் கை வைத்துச் சாப்பிடுவது அவர்கள் வழக்கம். வேற்று ஆளையும் அப்படி உட்கார வைப்பது அவர்கள் செய்கிற மரியாதை. மூடியைத் தூக்கினார்கள். ஆவி முகத்தில் அடித்தது. ஐந்து கைகள் உள்ளே போயின. என் கை மட்டும் தட்டத்துக்கு நாலு விரற்கடை முன்னால், பெரகல வளைவில் பிரேக் பிடித்த பஸ் மாதிரி, நின்றுவிட்டது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சட்டைப் பையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்தேன்.

ஐந்து வாய்களும் மெல்லுவதை நிறுத்தின. நானா எங்கிருந்தோ பார்த்துவிட்டார். "என்ன தம்பி, எங்க கடையில வாங்கின கரண்டிய எங்களுக்கே கொண்டாந்து காட்டுறீங்களா?" என்றார்.

"இல்லை நானா, கையில பித்தவெடிப்பு" என்றேன்.

பித்தவெடிப்பு காலில் வருவது. பக்கத்திலிருந்தவர் அமைதியாகக் கேட்டார்: "அப்ப கையாலயா நடந்து வந்தீங்க?"

பந்தல் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். மற்றவர்களைவிடச் சத்தமாகவே சிரித்தேன். சிரித்துக்கொண்டே மூச்சை அடக்கினேன். எலும்பும் அரிசியும் சேர்ந்து வெந்த வாடை. அவர்கள் செய்த சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. ஏலக்காயும் நெய்யும் மணத்தன. அதற்கு அடியில் ஒளிந்திருந்த இன்னொரு வாடை என் மூக்குக்கு மட்டும் எட்டியது. அது எங்கே தொடங்கியது என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுதினால்தான் என் யோசனைகள் வரிசையில் நிற்கும்.

அரிசி கிடைக்காத அந்த வருடம் எனக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரையின் பங்களாவில் வேலை. பெரிய உத்தியோகம் ஒன்றுமில்லை, துரையின் இரண்டு நாய்களைக் குளிப்பாட்டுவதும் அவற்றுக்குச் சோறு காய்ச்சுவதும்தான். நாங்கள் குடியிருந்த லயத்தில் ஒரு நேரம் கோதுமை மா ரொட்டி. மறு நேரம் மரவள்ளி. அதுவும் இல்லாவிட்டால் கீரை என்று பெயர் சொல்லி எதையாவது அவித்துத் தின்றோம். ஆட்கள் மலையில் கொழுந்துக் கூடையோடு மயங்கி விழுந்தார்கள். அந்த நாளில் நான் தினமும் காலை பத்து மணிக்கு, குருணை அரிசியில் மாட்டெலும்பும் மஞ்சளும் போட்டு நாய்களுக்கு ஒரு பானை காய்ச்சினேன். கடையில் இல்லாத அரிசி நாய்க்கு எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேலை போயிருக்கும். இப்போது நினைத்தால் அந்தத் துரை மீது வருவதைவிட, அந்தப் பானையைப் பக்குவம் பார்த்துக் கிளறிய என் கை மீதுதான் அதிகம் குமட்டல் வருகிறது.

ஒருநாள் பிலோமினா என்னைத் தேடிக்கொண்டு பங்களாவின் பின்பக்கம் வந்தாள். அவளுக்கு ஆறு வயது. நான் தண்ணீர் எடுக்கப் போய்த் திரும்பியபோது, நாய்க்கு வைத்த நீலக் கோப்பைக்கு முன்னால் குந்தியிருந்தாள். ஒரு பக்கம் கறுப்புக் கிழட்டு நாய், மறுபக்கம் அவள். நாய் உறுமக்கூட இல்லை. பிள்ளையின் கன்னமெல்லாம் மஞ்சள்.

அறைந்தேன். ஒன்றோடு நிறுத்தவில்லை. எத்தனை என்று எனக்குத் தெரியாது. வாயில் இருந்ததைத் துப்பச் சொல்லி, துப்பாததால் விரலை விட்டுத் தோண்டி எடுத்தேன். பங்களாச் சமையற்காரர் ஓடி வந்து இழுத்த பிறகுதான் விட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் கூத்து மாதிரி இருக்கும். ரொட்டியைக் கையில் எடுத்தால் அந்த வாடை, எடுத்தவுடன் வாந்தி. சிவப்பு சோப்புப் போட்டுக் கழுவினேன், சாம்பல் போட்டுத் தேய்த்தேன். "கழுவிக் கழுவிக் கைய தேய்ச்சிட்டா நாளைக்கு மொண்டிக்கையோடவா வேலைக்குப் போவீங்க?" என்று வீட்டுக்காரி கத்தினாள். கடைசியில் ஒரு கரண்டி வாங்கினேன். லயத்தில் எனக்கு உடனே பட்டம் கிடைத்தது: கரண்டித் துரை. நாய்ப் பானைக்குப் பக்கத்தில் போனாலே வாந்தி எடுத்ததால், பங்களாவில் வேண்டாமென்று திரும்பவும் மலைக்குத் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்ட அனுப்பினார்கள்.

பிள்ளைக்கும் ஒரு பட்டம் கொடுத்தார்கள். குழாயடியில் தண்ணீர் பிடிக்கப் போனால், "ஏ நாய்ச்சோறு, தள்ளி நில்லு" என்பார்கள். சொன்னவர்கள் யார்? அன்று என் பிள்ளையின் இடத்தில் இருந்திருந்தால் கோப்பையையும் சேர்த்து நக்கியிருக்கக்கூடியவர்கள். பசித்த வாய்க்கு இன்னொரு பசித்த வாயைப் பழிக்க எங்கிருந்து தெம்பு வருகிறதோ. இன்றைக்கும் அந்த முகங்களை பஸ்ஸில் கண்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

ஆனால் என்னைத் தின்றது அதுவல்ல. நான் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் நுழைந்தால் பிலோமினா தட்டைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவாள். அழமாட்டாள், முறைக்கமாட்டாள். எழும்புவாள், போவாள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, இரண்டு வருடம். என் முன்னால் என் பிள்ளை ஒரு வாய் தின்னவில்லை.

அப்போதுதான் நீங்கள் எங்கள் தோட்டத்துக் கோவில் திருநாளுக்கு வந்தீர்கள். எல்லாருக்கும் வாழையிலையில் சோறு. நான் மூலையில் உட்கார்ந்து கரண்டியோடு போராடிக்கொண்டிருந்தேன்.

"கையில காயமாண்ணே?"

"இல்லைங்க சிஸ்டர். துரை ஆயிட்டேன்."

சிரித்தீர்கள். பிறகு தோல் உரிந்திருந்த என் விரல்களைப் பார்த்துக்கொண்டே நின்றீர்கள். "சனிக்கிழமை பண்டாரவளை மடத்துக்கு வாங்க. தையல் வகுப்பு அறையில இருப்பேன். கரண்டியக் கொண்டாந்தாலும் பரவாயில்லை."

வந்தேன். வீட்டுக்காரி என்னைக் கொழும்புப் பக்கம் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் போகிறார்கள் என்று அழுது அனுப்பி வைத்தாள். மூடி போட்ட தையல் மெஷின்களுக்கு நடுவில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். என் பாவங்களைச் சொல்ல வைத்துப் பாவசங்கீர்த்தனம் கேட்கத்தான் கூப்பிட்டீர்கள் என்று நினைத்து நான் முழங்காலில் விழுந்தேன். "ஐயோ, எந்திரிங்கண்ணே, நான் சாமியார் இல்லை!" என்று பதறினீர்கள். எழும்பும்போது தலை மெஷின் பலகையில் இடித்தது. நம்முடைய வைத்தியம் அப்படித்தான் தொடங்கியது.

பெங்களூரில் படித்துவிட்டு வந்த விஷயத்தை என் தலைக்கு ஏற்ற மாதிரி சொன்னீர்கள். ஒரு ஆளுக்குள் ஒரே ஆள் இருப்பதில்லை, பல பேர் இருக்கிறார்கள், ஒருத்தன் பேசினால் மற்றவனுக்கு வாயைக் கட்டிவிடுகிறோம் என்றீர்கள். எனக்கு வியர்த்துவிட்டது. தோட்டத்தில் ஒருத்தருக்குள் இன்னொருத்தர் இருப்பதாகத் தெரிந்தால் வேப்பிலையும் உடுக்கும்தான் வரும்.

"இது கோடாங்கி வேலையில்லைங்களா சிஸ்டர்?"

"கோடாங்கி விரட்டுவாரு. நான் ஸ்டூல் போடுவேன்."

சொன்னபடியே நாலைந்து ஸ்டூல்களை இழுத்துப் போட்டீர்கள். ஒன்றைக் காட்டி, "அன்னைக்குப் புள்ளைய அடிச்சாரே, அவரு இங்க உக்காந்திருக்காரு. அவருக்கு ஒரு பேர் போடுங்கண்ணே" என்றீர்கள்.

நான் துள்ளி எழும்பினேன். "அடிச்ச நாய்க்குப் பேரா? போடமாட்டேன் சிஸ்டர். அரைப்பேர் கூடக் கிடையாது!"

உங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீங்கள் பதுளை டவுனில் பிறந்தவர். விடிய முன் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தைப் பார்த்தவரில்லை. நான்தான் விளக்கினேன். எங்களுக்குப் பேர் என்றால் ஒரு நாள் வேலை. பேர் போட்டால் அன்று உழைத்தது செக்ரோல் என்கிற சம்பளப் பதிவேட்டில் ஏறியது என்று அர்த்தம். வேலையில் குறை கண்டால் அரைப்பேர். பெரட்டுக்கு வராதவனுக்குப் பேரே இல்லை.

"நான் கூப்பிடுற பேரைத்தான் கேட்டேன்" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். பிறகு சிரிப்பு நின்றது. "ஏண்ணே, பேரே போடாம ஒருத்தன்கிட்ட வேலை வாங்கினா அவன் என்ன செய்வான்?"

"மொத நாள் மொனங்குவான். ரெண்டாம் நாள் மம்பட்டிய ஒளிச்சு வைப்பான். மூணாம் நாள் வாசல்ல வந்து நிப்பான்."

"உங்களுக்குள்ள ரெண்டு வருசமா நிக்கிறான்."

அதற்குப் பிறகு நீங்கள் படித்த பெரிய வார்த்தைகளையெல்லாம் விட்டுவிட்டீர்கள். சனிக்கிழமை நான் வந்தவுடன், "பெரட்டு ஆரம்பிக்கலாமா?" என்பீர்கள். அடித்தவனுக்குக் கங்காணி என்று பேர் வைத்தோம். கையைத் தேய்க்கிறவன் கழுவுறவன். எதைக் கேட்டாலும் முந்திக்கொண்டு பகிடி விடுகிறவனுக்குப் பபூன். பபூன்தான் பெரிய தொல்லை. "பபூனண்ணே, கொஞ்ச நேரம் வெளியில போயி ரோசாச்செடியப் பாருங்க" என்று நீங்கள் கதவைத் திறந்தே விட்டிருக்கிறீர்கள். அந்த ஸ்டூல்களில் மாறி மாறி உட்கார்ந்து, என் குரலிலேயே எனக்குப் பதில் சொல்லி... நாற்பது வயது ஆம்பிளை. யாராவது ஜன்னலால் பார்த்திருந்தால் வீட்டுக்காரி பயந்தது நடந்திருக்கும்.

கங்காணி ஸ்டூலில் உட்கார்ந்து ஒருநாள் பேசினேன். "நாய்க் கோப்பையில தின்னுச்சுன்னு வெளிய தெரிஞ்சா இவ காலம் பூரா தலை குனியணும். வலி ஆறிடும், பேச்சு ஆறாது. அதுக்குத்தான் அடிச்சேன்." நீங்கள் முன்னால் குனிந்து, அந்த ஸ்டூலில் இருந்தவனிடம் சொன்னீர்கள்: "கங்காணி அண்ணே, புள்ளையக் காப்பாத்தத்தான் வந்திருக்கீங்க. ரொம்ப நன்றி."

எனக்கு வந்த அருவருப்பை எப்படிச் சொல்வேன். பிள்ளையின் வாயில் விரலை விட்டவனுக்கு நன்றி! ஜன்னலுக்குப் போய் உங்கள் ரோசாப் பாத்தியில் காறித் துப்பினேன். "இதுதான் உங்க படிப்புன்னா இதை அந்த நாய்க் கோப்பையிலேயே போடுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன். ஒரு கன்னியாஸ்திரியிடம் பேசுகிற பேச்சா அது? பெரகலவில் பஸ் மாறும் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டே இருந்தேன். வீட்டுக்குள் காலை வைத்தேன். பிலோமினா தட்டைத் தூக்கிக்கொண்டு எழும்பினாள். போனாள்.

மூன்றாவது சனிக்கிழமை திரும்பவும் வந்தேன். ரோசாப் பாத்தியை மட்டும் காட்டி, "நல்லா உரம் போட்டுட்டுப் போயிருக்கீங்க, மொட்டு விட்டிருக்கு" என்றீர்கள். அன்றுதான் இதையும் சொன்னீர்கள்: "அருவருப்பு ஒரு காவக்காரன்ணே. அவன்கிட்ட எதைக் காக்குறேன்னு கேளுங்க."

கேட்டேன். கழுவுறவனின் ஸ்டூலுக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டேன். பிள்ளையை அடித்த கையால் அந்தப் பிள்ளைக்கு இனி ஊட்ட முடியாது என்றுதான் கழுவுகிறேன் என்று பதில் வந்தது. அழுதேன். பபூன் அன்று உள்ளே வரவேயில்லை. அடுத்த சில வாரங்களில் கையில் தோல் வளர்ந்தது. மரவள்ளிக் கிழங்கைக் கையால் எடுத்தேன், ரொட்டியைப் பிய்த்தேன். ஆனாலும் பிலோமினா எழும்பிப் போவது நிற்கவில்லை. "அவகிட்ட நீங்க நேரா சொல்லணும். என்கிட்ட சொன்னது போதாது" என்றீர்கள்.

ஒரு மத்தியானம். அவள் வாசலில் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அப்போது எட்டரை வயது இருக்கும்.

"பிலோ, அன்னைக்கு ஒன்ன அடிச்சது தப்பும்மா."

"என்னைக்கு?" என்றாள். அவளுக்குத் தெரியாமலா? என் வாயால் வர வேண்டும் என்று நினைத்திருக்கிறாள்.

"பங்களாவுல."

அடுத்த கிழங்கை எடுத்தாள். பிறகு நிமிராமல் கேட்டாள்: "எதுக்கு அடிச்சீங்க?"

"மானம் போயிரும்னு பயந்துட்டேன்மா."

"ம்" என்றாள். "அம்மா சொல்லுச்சு, பசியில ஒங்களுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சின்னு."

அன்று சாப்பாட்டுக்கு நான் உட்கார்ந்தபோது அவள் தட்டைத் தூக்கவில்லை. என் பக்கம் நகரவும் இல்லை. இருந்த இடத்திலேயே இருந்தாள். நான் கிழங்கைச் சம்பலில் தொட்டு, அவசர அவசரமாக வாயில் அடைத்தேன். எங்கே எழும்பிவிடுவாளோ என்ற பயம். "மெதுவா தின்னுங்கப்பா, அடைச்சுக்கும்" என்றாள். அந்த ஒரு வரிக்கு நான் எத்தனை சனிக்கிழமை பஸ் ஏறினேன் என்று உங்களுக்குத் தெரியும்.

இதைச் சொல்ல ஓடி வந்தபோது உங்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், கல்யாண வீட்டுக்காரி மாதிரி இருந்தீர்கள். தேத்தண்ணி கொடுத்து வாசல் வரைக்கும் வந்தீர்கள். அங்கே நின்றுகொண்டுதான் கேட்டீர்கள்.

"பெரட்டுக்கு எல்லாரும் வந்தாச்சாண்ணே? ஒருத்தர் இன்னும் லயத்துலயே படுத்திருக்கிற மாதிரி எனக்குத் தோணுது."

"எல்லாரும் வந்தாச்சுங்க சிஸ்டர். செக்ரோலை மூடுங்க" என்றேன். பபூன்தான் சொன்னான். உங்களுக்கும் அது தெரிந்திருக்கும். "சரி. வந்தா சொல்லுங்க" என்று மட்டும் சொன்னீர்கள்.

பிறகு எத்தனையோ திருநாளுக்கு வந்தீர்கள். பிலோமினாவுக்குக் கோவிலில் புது நன்மை, அதாவது முதல் நற்கருணை, கொடுத்தபோது வந்தீர்கள். ஒரு தடவைகூட அதைத் திரும்பக் கேட்கவில்லை. நீங்கள் நோய் கண்டு பதுளையில் படுத்திருந்தபோது நானும் அவளும் பார்க்க வந்தோம். அவள் உங்களுக்குக் கஞ்சி ஊட்டினாள். நீங்கள் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினீர்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். பிள்ளை பக்கத்தில் இருக்கிறாள் என்று எனக்கு நானே சாக்குச் சொன்னேன்.

நீங்கள் இறந்த முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு கூட்டம் வைத்தார்கள். ஆளுக்காள் எழும்பி உங்களைப் புனிதையாக்கினார்கள். ஒருத்தர், நீங்கள் பேய்களை விரட்டினீர்கள் என்று கூடச் சொன்னார். நீங்கள் வாழ்நாளில் ஒருத்தரையும் விரட்டியதில்லை. என்னைப் பேசச் சொன்னார்கள். எழும்பி, முழங்காலில் விழுந்து மெஷினில் தலை இடித்த கதையைச் சொன்னேன். கை தட்டினார்கள். உட்கார்ந்தேன். எல்லாரையும்விட மோசமாகப் பேசியவன் நான்தான். பபூனை அனுப்பிவிட்டு மற்றவர்களெல்லாம் பின்வரிசை வாங்கில் ஒளிந்திருந்தோம்.

இப்போது வீட்டில் நான் கையால்தான் சாப்பிடுகிறேன். பிலோமினா தையல் படித்துவிட்டு ஹல்துமுல்லையில் வேலை செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் என் தட்டிலிருந்தே மீனை எடுத்துத் தின்பாள். எலும்புச் சோற்று வாடை வரக்கூடிய இடத்துக்குப் போனால் மட்டும் சட்டைப் பையில் கரண்டி போகும். அன்று கல்யாணத்திலிருந்து திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டாள், "என்னப்பா, இன்னும் அந்த வாடை போகலையா?" என்று. வயசாகிவிட்டதும்மா, மூக்குக் கெட்டுப்போச்சு என்றேன். பன்னிரண்டு வருடமாக அவளுக்கு நான் கொடுத்து வைத்திருப்பது மானம் என்ற அந்தப் பாதிப் பதில்தான். அதை வைத்துக்கொண்டு அவள் என்னை மன்னித்திருக்கிறாள். அப்படி வாங்கிய மன்னிப்பைத் தொடும்போதும் எனக்குக் கை கூசுகிறது.

சிஸ்டர், லயத்தில் படுத்திருந்தவன் வந்துவிட்டான். சொல்கிறேன்.

அந்தக் கறுப்பு நாய் கிழடு. கோப்பையில் எப்போதும் கொஞ்சம் மிச்சம் வைக்கும். பிலோமினா அங்கே வருவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே அந்த மிச்சத்தைத் தின்றுகொண்டிருந்தவன் நான். சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, இதே கையால், கோப்பையை வழித்து. நாயின் எச்சிலைப் பிள்ளைக்குக் கொடுக்க மனம் வராமல்தான் வீட்டுக்கு எடுத்துப்போகவில்லை என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். பொய். பங்கு போட மனம் வரவில்லை.

அன்று தண்ணீரோடு திரும்பி வந்து அவளைக் கண்டபோது, கங்காணிக்கு முன்னால் ஓடி வந்தவன் இவன்தான். மானம், ஊர்ப் பேச்சு, பிள்ளை, ஒன்றும் இவனுக்கு நினைவில் இல்லை. கை ஓங்கியபோது இவன் சொன்னது, நான் யாரிடமும் வாய் திறந்து சொல்லாதது, இதுதான்:

அது என் பங்கு.